குறைந்தது ஒருவர்

மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கம்பெனியின் கேட்டருகே போய் நின்றால் வேடிக்கையாக இருக்கும். சங்கு ஊதியதும் காலை ஷிப்ட் வெளியே வரும், மதிய ஷிப்ட் உள்ளே போகும். இரண்டு கூட்டமும் உரசிக்கொண்டு போகிற இடத்தில் கணவனும் மனைவியுமாகப் பல ஜோடிகள் நின்று அவசர அவசரமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டுச் சாவி கை மாறும். சிலிண்டர் வந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மோட்டாரை அணைத்தாயா, எல்லா விசாரணையும் அங்கேதான். வாட்ச்மேன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குடும்பம் நடத்தினது போதும், நகருங்க" என்பார். கிண்டலாகச் சொன்னாலும் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற தம்பதிகள் குடும்பம் நடத்திய இடம் அந்த கேட்தான்.

முள்ளக்காவும் மகள் பிறந்ததிலிருந்து அங்கேதான் குடும்பம் நடத்தினாள். சண்டை போடக்கூட நேரம் போதாது. திங்கட்கிழமை ஆரம்பித்த சண்டையை வியாழக்கிழமை வரை தவணை தவணையாகப் போட்டு, கடைசியில் எதற்காக ஆரம்பித்தோம் என்பதே இருவருக்கும் மறந்துபோயிருக்கும்.

முள்ளக்கா என்பது தொழிற்சாலை வைத்த பெயர். பெயின்டில் கலக்கிற தின்னரைக் காய்ச்சி எடுக்கும் கம்பெனி அது. காய்ச்சும் கொட்டகையில் தொட்டிகளுக்கு மேலே அழுத்தம் காட்டும் மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்றபடியே முள்ளைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தாலும் கொஞ்சம் குத்தலாகத்தான் பேசுவாள் என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவள் கணவர் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். மதிய ஷிப்ட். மகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. மகள் திரும்பி வரும்போது வீட்டில் இருப்பது அவள் பொறுப்பு.

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கம்பெனிக்குள் இருக்கக் கூடாது என்பது அங்கே உள்ள வழக்கம். நிர்வாகம் போட்ட சட்டம் இல்லை. எந்த நோட்டீஸ் போர்டிலும் இல்லை. தொழிலாளிகள் தாங்களாகவே வைத்துக்கொண்டது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் காய்ச்சும் கொட்டகை வெடித்தது. அதில் போனவர்களில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, அப்பா அம்மாவுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் விஷயத்தைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையாம். பொழுது சாயும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வழக்கம் வந்தது. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே இருக்க வேண்டும். எது நடந்தாலும் பிள்ளைக்கு ஒருவராவது மிஞ்ச வேண்டும்.

அந்தப் பையன்தான் முள்ளக்காவின் கணவர். அதனால் அவர்கள் வீட்டில் இந்த விஷயத்தில் மறுபேச்சுக்கே இடமில்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை, பக்கத்து ஊரில் நடந்த விசேஷத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகலாமே என்று அவள் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவர் சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். அதற்குச் சத்தம் போட்டிருந்தாலே தேவலை என்றிருந்தது அவளுக்கு.

நின்று நின்று அவள் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. ஸ்டோர்ஸ் அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று சேதி வந்தது. ஆனால் அதற்கு வணிகப் புள்ளியியலில் ஒரு சான்றிதழ் வேண்டுமாம். எந்தச் சரக்கு எவ்வளவு கெட்டுப்போகும், எவ்வளவு கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும் என்று மதிப்பிடத் தெரிந்திருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று காலையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அந்த வகுப்பு நடந்தது. கணவரே போய் அவள் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். "கொட்டகையை விட்டு நீ வெளியே வந்தா போதும்" என்றார்.

சராசரி, இடைநிலை என்று போனவரை சமாளித்துவிட்டாள். நிகழ்தகவு என்று போர்டில் எழுதிய அன்றைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வேலைவெட்டி இல்லாமல் எவன் பையில் பந்தைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. நாணயம் சுண்டினார்கள், பகடை உருட்டினார்கள், சீட்டுக்கட்டைக் கலைத்தார்கள். சூதாட்டத்துக்கா பணம் கட்டிச் சேர்ந்தோம் என்று பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்காரரிடம் முணுமுணுத்தாள். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

பாடம் எடுத்த டீச்சர் அவளைவிட வயதில் சின்னவள். எப்போதும் ஜலதோஷம் பிடித்தாற்போல் ஒரு கைக்குட்டையும் கையுமாக இருப்பாள். ஆனால் பொறுமைசாலி. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ஒன்று சொல்வாள்: கேள்வியை இரண்டு தடவை படியுங்கள், "இரண்டும்" என்று கேட்டிருக்கிறார்களா, "குறைந்தது ஒன்று" என்று கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், பாதிப் பேர் கணக்குத் தெரியாமல் தோற்பதில்லை, கேள்வியைப் படிக்காமல் தோற்கிறார்கள்.

ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் என்று ஒரு பாடம் வந்தது. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது. ஒரே நாணயத்தில் பூவும் தலையும் சேர்ந்து விழாது. இதற்கு வாழ்க்கையிலிருந்து ஆளுக்கொரு உதாரணம் சொல்லச் சொன்னாள் டீச்சர். மருந்துக்கடைக்காரர் கடை திறந்திருப்பதையும் மூடியிருப்பதையும் சொன்னார். முள்ளக்காவின் முறை வந்தது.

"நான் கம்பெனிக்குள்ள இருக்கிறதும், எங்க வீட்டுக்காரர் கம்பெனிக்குள்ள இருக்கிறதும்" என்றாள்.

டீச்சருக்கு மகிழ்ச்சி. மிகச் சரியான உதாரணம் என்றாள். பின்வரிசையில் ஒருவர், "அப்ப வீட்டுக்குள்ள?" என்று கேட்டார். "வீட்டுக்குள்ளயும் அதே கதைதான்" என்றாள் முள்ளக்கா. வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் வரும்போது மனசு அதையே பிடித்துக்கொண்டது. வீட்டைப் பற்றிச் சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தாள். புத்தகப்படி தப்பு. ராத்திரி இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் படுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையை இப்போது வகுப்பு எடுத்துக்கொள்கிறது. அவருக்குப் புதன்கிழமை விடுமுறை. அன்றும் யாராவது வரவில்லை என்று பம்ப் ஹவுஸிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். இருவரும் விழித்திருக்கும் நேரம் என்று திருத்திச் சொன்னால் உதாரணம் ஏறக்குறைய சரியாக வரும். கண்டக்டர் சில்லறை கேட்டு நிற்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வேன் கணக்கு வந்தது. ஒரு வியாபாரியிடம் இரண்டு வேன்கள். ஒரு நாளில் ஒரு வேன் பழுதாவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு. ஒன்றின் பழுதுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் பழுதாகும் நிகழ்தகவு என்ன? குறைந்தது ஒன்றாவது பழுதாகும் நிகழ்தகவு என்ன?

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போட்டாள். மகள் எதிரே உட்கார்ந்து தன் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டும் பழுதாவது நூற்றில் ஒன்று. ஒன்றுகூடப் பழுதாகாமல் இருப்பது நூற்றில் எண்பத்தொன்று. அதைக் கழித்தால், குறைந்தது ஒன்றாவது பழுதாவது நூற்றில் பத்தொன்பது. பின்பக்கத்தில் இருந்த விடையோடு ஒத்துப்போனது. சந்தோஷமாகப் புத்தகத்தை மூடப் போனவள், மூடவில்லை.

வேனை எடுத்துவிட்டு ஷிப்டைப் போட்டுப் பார்த்தாள். கம்பெனியின் உண்மையான எண் யாருக்குத் தெரியும்? வேனுக்குச் சொன்ன பத்தில் ஒன்றையே வைத்துக்கொண்டாள். இருவரும் ஒரே ஷிப்டில் இருந்தால், அந்த ஷிப்டில் கொட்டகை வெடிக்க நூற்றில் பத்து. வெடித்தால் இருவருமே போவார்கள். இல்லையென்றால் இருவருமே வீடு திரும்புவார்கள். தனித்தனி ஷிப்டில் இருந்தால், இருவரும் போவது நூற்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் போவது பத்திலிருந்து பத்தொன்பதாக ஏறிவிடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மகள் அனாதையாகாமல் பார்த்துக்கொள்வதற்காக, அவள் அப்பாவையோ அம்மாவையோ இழக்கிற வாய்ப்பை இரண்டு மடங்காக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாகத் தங்கள் பேச்சையும் சிரிப்பையும் கொடுத்திருக்கிறார்கள்.

முள்ளக்கா ஆடிப்போனாள். எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டாள். விடை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம், யாருக்காகவோ கேட்கிறாற்போல், இரண்டு சரக்கை ஒரே வேனில் ஏற்றினால் என்ன ஆகும், தனித்தனி வேனில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கேட்டாள். டீச்சர் போர்டில் எழுதிக் காட்டினாள். அவள் போட்டது சரிதான்.

"அப்ப எது நல்லது டீச்சர்?"

"ரெண்டும் போயிட்டா தாங்க முடியாதுன்னா பிரிச்சு ஏத்துங்க. ஒண்ணு போனாலே தாங்க முடியாதுன்னா ஒண்ணா ஏத்துங்க. எதைத் தாங்க முடியாதுன்னு சரக்குக்காரங்கதான் சொல்லணும், கணக்கு சொல்லாது."

பரீட்சை எழுதினாள், தேறினாள். ஸ்டோர்ஸ் வேலையும் அவளுக்கே என்று முடிவானது. அப்போதுதான் சிக்கல் வந்தது. ஸ்டோர்ஸில் ஜெனரல் ஷிப்ட், காலை எட்டு முதல் ஐந்து. அலுவலகம் இருப்பதும் அதே மதிலுக்குள், தொட்டிகளுக்குப் பின்புறம்தான். காலை ஷிப்டில் இருந்தாலும் மதிய ஷிப்டில் இருந்தாலும் கணவரின் நேரமும் அவள் நேரமும் ஒன்றோடொன்று மோதும். அதனாலேயே அங்கே வேலை செய்கிற தம்பதிகளில் யாரும் ஜெனரல் ஷிப்டுக்குப் போனதில்லை. கணவர் அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தான் நிரந்தரமாக நைட் ஷிப்டுக்கு மாறிக்கொள்வதாகச் சொன்னார். அதாவது இனி ராத்திரியும் ஒரு கூரை கிடையாது.

ஒரு புதன்கிழமை அதிசயமாக அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. மகள் பள்ளியிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. முள்ளக்கா இரண்டு தட்டுகளையும் இரண்டு டம்ளர்களையும் எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். டம்ளர்களை ஒரே தட்டில் வைத்தும், தட்டுக்கு ஒன்றாக வைத்தும் விளக்கினாள். ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒருமுறைதான் தடுக்கி விழ வாய்ப்பு, இரண்டு தட்டென்றால் இரண்டுமுறை என்றாள். அவர் கடைசிவரை கேட்டார். கெட்டிக்கார மனிதர், அவருக்குப் புரிந்தது. பிறகு ஒரே தட்டில் இருந்த இரண்டு டம்ளர்களில் ஒன்றை எடுத்து அடுத்த தட்டில் வைத்தார்.

"ஒண்ணாவது மிஞ்சணும்" என்றார்.

"எது மிஞ்சணும்? நீங்களா, நானா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொல்லுங்க. எது போனா பரவாயில்ல?"

"இது கணக்குப் போடற விஷயமா? அந்த ஜன்னல்ல உட்கார்ந்திருந்தவன் நான். நீ இல்ல."

எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். பெரிய தப்புச் செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாத பேச்சைக் கொண்டுவந்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். அதே சமயம் கோபமும் இருந்தது. அவர் பட்டது பெரிய துக்கம்தான். அதற்காகத் தன் மகளும் தானும் அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

அதற்குப் பிறகு கேட்டில் சாவி மட்டும் கை மாறியது. பேச்சு இல்லை. அவர்கள் நிற்காமலே போவதைப் பார்த்து வாட்ச்மேனும் கிண்டலை நிறுத்திக்கொண்டார். ஸ்டோர்ஸில் சேர வேண்டிய நாள் நெருங்கியது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அவள் வந்துவிட்டாள்.

ஒரு நாள் இரண்டு மணிக்கு அவள் சாவிக்குக் கையை நீட்டியபோது அவர் கொடுக்கவில்லை. கூட்டத்திலிருந்து அவளை மதிலோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"உன் தங்கச்சிகிட்ட பேசிட்டேன்" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"நமக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா பாப்பாவை வச்சுக்குவாளான்னு கேட்டேன். நேர்ல போய்க் கேட்டேன். அழுதா. வச்சுக்கிறேன்னு சொன்னா."

முள்ளக்கா மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், உள்ளே போகிற ஆட்களைப் பார்த்தபடி பேசினார். மெயின்டனன்ஸ் பிரிவில் ஜெனரல் ஷிப்டுக்குக் கேட்டிருக்கிறாராம். கொடுத்துவிட்டார்களாம்.

"என் கணக்குக்காகவா?" என்று கேட்டாள்.

"உன் கணக்கு எனக்குப் பயமாத்தான் இருக்கு. அது இல்ல." கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்துதான் வீட்டுக்கு வருவாங்க. தெருமுனையில திரும்பும்போதே அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்பா ஏதாவது சொல்லிக்கிட்டே வருவார். தினமும் அந்த ஜன்னல்ல உட்கார்ந்து நான் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷமா அந்தக் கடைசி நாளை மட்டுமே வச்சிருந்தேன். எனக்குக் கிடைச்ச மத்த நாள் ஒண்ணுகூட நம்ம பொண்ணுக்குக் கிடைக்கல."

இரண்டாவது சங்கு ஊதியது. அவர் சாவியை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். வழியெல்லாம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள் முள்ளக்கா.

இருவரும் சேர்ந்து கேட்டுக்குள் நுழைந்த முதல் நாள், பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பழைய வெடிப்பில் அண்ணனைப் பறிகொடுத்த ஃபிட்டர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்று முழுக்க ஸ்டோர்ஸ் நாற்காலியில் உட்கார முடியாமல் தவித்தாள். கொட்டகைப் பக்கம் எந்தச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றாள். தன் இடத்துக்கு வந்திருக்கிற புதுப் பெண் முள்ளை ஒழுங்காகப் பார்க்கிறாளா என்று எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. கணக்குப் போடும்போது வெறும் எண்ணாக இருந்த பத்து, அன்று கொட்டகையாகவும் தொட்டியாகவும் கண்முன் நின்றது. தான் தப்புச் செய்துவிட்டோமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பிறகும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு கேட்டுக்கு வந்தாள். அவர் அவளுக்கு முன்னால் வந்து வாட்ச்மேனோடு நின்றுகொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். அவளும் பழக்கதோஷத்தில் வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தாள். வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தெருமுனையில் இறங்கி நடக்கும்போதுதான் அவர் பஸ் டிரைவரைப் பற்றி ஏதோ சொன்னார். அப்படி ஒன்றும் பெரிய நகைச்சுவை இல்லை. ஆனாலும் அவள் சிரித்தாள்.

மகள் பக்கத்து வீட்டு வாசற்படியில் புத்தகப்பையோடு உட்கார்ந்திருந்தாள். இனிமேல் இப்படித்தான், அப்பாவும் அம்மாவும் சேர்ந்துதான் வருவோம் என்று அவளுக்குச் சொல்லித்தான் வைத்திருந்தார்கள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் வேலை நாளில், வெளிச்சம் இருக்கும்போது, இருவரும் சேர்ந்து தெருவில் வருவதை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பார்த்ததும் பை மடியிலிருந்து நழுவியது. எழுந்து நின்றாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றாள். "கம்பெனியில என்ன ஆச்சு?"

அப்பாதான் விறுவிறுவென்று போய் மகளுக்கு முன்னால் குனிந்து, கீழே விழுந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலம்மா. வேலை முடிஞ்சுது, வீட்டுக்கு வந்திருக்கோம்."

மகள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மா கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.